மருந்துப் பையில் எழுதியிருப்பது

மலேசியாவின் பினாங்கில் தன்னார்வலராக இருக்கிறேன் என்று தெரிந்ததும் ஊரிலிருந்து கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அங்க தமிழ் தெரிஞ்சா போதும்தானே?" ஒரு வரியில் பதில் சொல்லிப் பார்த்தேன், எனக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். என்னைப் போலவே பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கே வரப்போகும் யாராவது ஒருவருக்கு இது பயன்பட வேண்டும்.

முதலில் நான் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பினாங்கு மாநிலம் என்றால் தீவு மட்டுமில்லை. கடலுக்கு இந்தப் பக்கம் நிலப்பகுதியில் இருக்கும் செபராங் பிறையும் அதில் சேர்ந்ததுதான். சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் தீவிலிருக்கும் ஜார்ஜ்டவுனைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் தங்கியிருப்பது இந்தக் கரையில், பட்டர்வொர்த்தில், பாகான் டாலாம் பக்கம். முதியவர்கள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் ஒரு சின்ன பகல்நேர நிலையத்தில் எனக்கு வேலை. காலையில் உடற்பயிற்சி, அப்புறம் பேச்சு, பாட்டு, பல்லாங்குழி. கிளினிக்குக்கும் மருத்துவமனைக்கும் துணைக்குப் போக ஆள் இல்லாதவர்களோடு நான் போவேன். சம்பளம் கிடையாது; தங்க ஓர் அறையும் மாதச் செலவுக்கு ஒரு தொகையும் தருகிறார்கள்.

தமிழ் இங்கே எவ்வளவு இருக்கிறது என்பதை வந்து பார்த்தால்தான் நம்ப முடியும். இந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 28 தமிழ்ப்பள்ளிகள். 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதை வைத்து, 2016இல் மலேசியத் தமிழ்க்கல்வியின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடியிருக்கிறார்கள். நிலையத்தைத் திறந்ததும் யாராவது ஒரு தாத்தா மின்னல் பண்பலையைப் போட்டுவிடுவார். மேசையில் தமிழ் நாளிதழ் கிடக்கும். மளிகைக்கடையில், முடிவெட்டும் கடையில், கோயிலில், மாடிப்படியில் எதிர்ப்படும் பக்கத்து வீட்டு அக்காவிடம் எல்லாம் தமிழ்தான். வெளிநாட்டுக்குப் போய்க் குடியேறுகிறவர்களுக்கு இருக்கும் பாரத்தில் பாதி இதனாலேயே எனக்கு இறங்கிவிட்டது. அதற்காக இந்த ஊருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஆனாலும் இது வேறு நாடு. அதைத் தினமும் முதலில் ஞாபகப்படுத்துவது கடிகாரம். இந்தியாவைவிட இங்கே இரண்டரை மணி நேரம் முன்னால். தீபகற்ப மலேசியா 1982 பிறந்தபோது சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்துக்கொண்டது. அதனால் சூரியன் இங்கே மெதுவாகத்தான் வருகிறது. காலை ஏழு மணிக்கும் வெளிச்சம் சரியாக வந்திருக்காது. சின்னப் பிள்ளைகள் சீருடையோடும் பெரிய பையோடும் இருட்டில் நின்று பள்ளி வேனுக்குக் காத்திருப்பார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கும் நல்ல வெளிச்சம். நாகப்பட்டினத்தில் விடியற்காலை வாசல் தெளித்துப் பழகிய உடம்புக்கு இது பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும். அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைக்கும் ஐந்தரை மணிக்கு இங்கே எட்டு. நான் நிலையத்துக்கு நடந்து போகும் நேரம் அது. எங்கள் இருவருக்கும் பேசிக்கொள்ள அந்த நடைதான் தோதாக இருக்கிறது.

அறை, சாப்பாடு, துணி துவைப்பது எல்லாம் தானாக ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும், அதற்காகப் பயப்பட வேண்டாம். மூன்று சதுரக் கம்பி வைத்த பிளக்குக்கு ஓர் இணைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். மழை எந்த நேரத்திலும் வரும், துணியைக் கண்பார்வையில் காயப்போடுங்கள். பஸ்ஸில் காசாகக் கொடுத்தால் மீதி தரமாட்டார்கள், சில்லறை வைத்திருங்கள். ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் 'வெள்ளி' என்பார்கள். ஒவ்வொரு வெள்ளியையும் ரூபாயாகப் பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் சீக்கிரம் விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல சாப்பாடே சாப்பிடமாட்டோம். காலைச் சந்தையில் முருங்கைக்கீரையும் கிடைக்கும், கங்கோங் என்ற கீரையும் கிடைக்கும். கங்கோங்கை மேல்மாடி அக்கா சொன்ன மாதிரி பூண்டும் காய்ந்த மிளகாயும் தட்டிப்போட்டு வதக்கினால், ரசத்துக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

இங்கே காலை உணவைப் 'பசியாறல்' என்கிறார்கள். காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டியாம்மா?" என்றுதான் பேச்சு தொடங்கும். இன்னும் இல்லை என்று சொன்னால் அங்கேயே உட்காரவைத்துவிடுவார்கள். ரொட்டி சானாய், நாசி லெமாக், ஒட்டுக்கடை இட்லி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தே தாரிக். கெட்டிப்பால் ஊற்றி, இரண்டு குவளைக்கு நடுவில் நுரை பொங்க இழுத்து ஆற்றிய தேநீர். சுவைக்குக் குறைவே இல்லை. ஆனால் இந்த நாட்டில் 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி வயதுவந்தவர்களில் 18.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு. இந்தியர்களிடையே இது மற்றவர்களைவிட அதிகம். எங்கள் நிலையத்துக்கு வருகிறவர்களில் சர்க்கரை இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் நானும் கடையில் 'தே ஓ கோசோங்' என்றே கேட்கிறேன், பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். அவரோடு கடைக்குப் போனால் நான் என்ன சொல்கிறேன் என்று கவனித்துவிட்டு, "சரி, எனக்கும் அதுவே" என்பார். நான் கூட இல்லாத நாளில் என்ன குடிக்கிறார் என்று கேட்பதில்லை. கூட இருக்கும் நாளில் ஒரு குவளை சர்க்கரை குறைந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

இனி கேள்விக்கு வருகிறேன். தமிழ் போதுமா?

அரசு சுகாதார நிலையத்துக்கு ஒரு முறை போனால் தெரிந்துவிடும். குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட்தான். அவ்வளவு குறைந்த செலவில் மருத்துவர், இரத்தப் பரிசோதனை, மாதக்கணக்கில் மருந்து எல்லாம் கிடைக்கிறது. மிக நல்ல ஏற்பாடு, இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. அதனால் கூட்டமும் உண்டு. சீட்டு வாங்கி உட்கார்ந்தால் பெட்டியிலிருந்து ஒரு பெண் குரல் எண்ணையும் கவுன்ட்டரையும் மலாயில் சொல்லிக்கொண்டே இருக்கும். அறிவிப்புப் பலகை மலாய். அடுத்த முறை வர வேண்டிய நாளைக் குறித்த அட்டை மலாய். இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டுமா, சாப்பிட்டுவிட்டு வரலாமா என்பதும் மலாய். தாதியர் பலர் மலாய்க்காரர்கள், அன்பானவர்கள், ஆனால் விளக்கம் கேட்டால் அதுவும் மலாயில்தானே வரும்.

நிலையத்துக்கு வரும் பாட்டி ஒருவரோடு மருந்து வாங்கிக்கொண்டு திரும்பிய நாள் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை, எழுத்து எதுவும் தெரியாது. ஆனால் மலாய் நன்றாகப் பேசுவார், சந்தைக்காரனிடம் ஹொக்கியன் என்ற சீன மொழியும் கொஞ்சம் பேசுவார். எனக்கு நேர்மாறு: மலாய் தெரியாது, ஆனால் இங்கே மலாயை எழுதுவது ஆங்கில எழுத்தில் என்பதால் எழுத்துக்கூட்டி வாசித்துவிட முடியும். மேசைமேல் மருந்துப் பைகளை வரிசையாக வைத்தோம். சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைச் சீட்டு. நான் முதல் சீட்டை எடுத்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தேன்.

"மாக்கான் 1 பீஜி, 2 காலி செஹாரி, செலெபாஸ் மாக்கான்."

பாட்டி கண்ணை மூடிக் கேட்டார். "ஒவ்வொன்னு, ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி, சாப்பிட்டப்புறம்" என்றார்.

அடுத்த பை. எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது, கடைசியில் மட்டும் 'செபெலும் மாக்கான்'.

பாட்டி கண்ணைத் திறந்தார். "அது சாப்பிடறதுக்கு முன்னாடி. தனியா வை."

இரண்டும் சர்க்கரை மாத்திரைகள்தான். முதல் பையில் மெட்ஃபார்மின். அதை உணவோடோ உணவுக்குப் பிறகோ எடுத்தால்தான் வயிற்றைப் புரட்டாமல் இருக்கும். இரண்டாவதில் கிளிக்லசைட், அது சாப்பாட்டுக்கு முன். அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்துவிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். இத்தனை நாளாகப் பாட்டி மாத்திரையின் நிறத்தையும் அளவையும் பார்த்துத்தான் பிரித்துவைத்திருக்கிறார். மருந்தகத்தில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் நிறம் மாறிவிடும், அப்போது என்ன செய்வார்? சீட்டு முழுவதையும் நான் வாசிக்க, அவர் பொருள் சொல்ல, ஒவ்வொரு பையின்மேலும் ஓர் அடையாளம் போட்டோம். சாப்பாட்டுக்கு முன் என்றால் காலித் தட்டு, பின் என்றால் சோறு வைத்த தட்டு. வரைந்தது நான், எந்தப் பையில் எது என்று சொன்னது அவர்.

அன்றிலிருந்து நிலையத்தில் இது ஒரு வழக்கமாகிவிட்டது. மருத்துவமனை போய்வந்தவர்கள் மருந்துப் பையோடு வந்து உட்காருவார்கள். நான் வாசிப்பேன், சுற்றி இருப்பவர்கள் பொருள் சொல்வார்கள். யாருக்காவது சந்தேகம் வந்தால் அதற்கு ஒரு விவாதம் நடக்கும். தீராத சந்தேகத்தை மருந்தகத்துக்கே கொண்டுபோய்க் கேட்டுவருவோம். மருந்து விஷயத்தில் ஊகத்துக்கு இடமில்லை. இந்த ஒரு வேலையைத்தான் இங்கே நான் செய்கிற வேலைகளிலேயே பெரிதாக நினைக்கிறேன். உடற்பயிற்சி சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கேரம் ஆட என்னைவிடக் கெட்டிக்காரத் தாத்தாக்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக ஒரு சீட்டை வாசிக்கத்தான் ஆள் இல்லை. பிள்ளைகள் பலர் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலையில் இருக்கிறார்கள்.

ஆகவே என் பதில்: தமிழ்ப் பெரியவர்களுக்கு உதவத்தான் வருகிறீர்கள் என்றாலும், விமானம் ஏறும் முன்பே மலாய் படிக்கத் தொடங்குங்கள். அவர்களுடைய தனிமையைத் தமிழில் பகிர்ந்துகொள்ளலாம். அவர்களுடைய கவுன்ட்டர், கடிதம், படிவம் எல்லாம் மலாயில் இருக்கின்றன. உதவி தேவைப்படுவது பெரும்பாலும் அங்கேதான்.

எனக்கு மலாய் சொல்லித்தருவது கீழ்வீட்டுத் தம்பி. ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்து, அப்புறம் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார்ந்து, இப்போது மலாய்வழி இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மலாயைப் பலப்படுத்திக்கொள்ள அந்தக் கூடுதல் வருடம் உண்டு. அவன் பாடம் எடுக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வினைச்சொல் காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறாது என்பதை முதல் நாளே சொல்லித் தைரியம் கொடுத்தான். அப்புறம்தான் முன்னொட்டுகளை எடுத்தான், அங்கேதான் கடினம். சந்தை மலாயில் அவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அரசுக் கடிதத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையிலும் வாலிலும் ஏதாவது ஒட்டியிருக்கும். சமூகநலத் துறையின் முதியோர் உதவித்தொகை சம்பந்தமாக ஒரு கடிதம் வந்தால் பாட்டியும் நானும் சேர்ந்தாலும் முடியாது. அப்போது தம்பி பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருப்போம். அவன் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து, பெரிய ஆள்போலக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இது வாழ்க்கைச் சான்று கேக்குது பாட்டி, பயப்படாதீங்க" என்பான்.

படிவங்களோடு பழகும்போது ஒன்றைக் கவனித்தேன். அடையாள அட்டையைப் பற்றி எல்லோர் முன்னிலும் கேட்கக் கூடாது. குடிமக்களுக்கு நீல அட்டை, நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு. வாழ்நாள் முழுக்க இந்த மண்ணில் உழைத்தும் சிவப்பு அட்டையோடு வயதாகிப்போன தமிழ்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓட்டு கிடையாது, குடிமக்களுக்கென்று இருக்கும் பல உதவிகளும் கிடையாது. அன்றைக்குப் படிவம் நிரப்பத் தெரியாததாலோ, பிறப்புப் பத்திரம் இல்லாததாலோ வந்த நிலை அது. ஒரு காகிதத்தை அந்த நேரத்தில் வாசித்துச் சொல்ல ஆளில்லாமல் போவதன் விலை எவ்வளவு நீளமானது என்பதை அவர்களிடம்தான் பார்க்கிறேன். எனக்கு அதில் ஆறாத வருத்தம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. நாள் முழுக்க மலாய் எழுத்துக்கூட்டிய களைப்பைப் போக்க நல்ல வழி ஃபெர்ரி. 2023 ஆகஸ்ட்டிலிருந்து புதுப் படகுகள் ஓடுகின்றன; ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும் மட்டும் ஏற்றும், கார் எல்லாம் பாலத்தில்தான் போக வேண்டும். கட்டணம் 2 ரிங்கிட். கால் மணி நேரத்துக்குள் அக்கரை. இறங்கி நடந்தால் லிட்டில் இந்தியா. குயின் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், கொஞ்சம் தள்ளிக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சூலியா தெருப் பக்கம் நாகூர் தர்கா. எங்கள் நாகூர் ஆண்டவரின் நினைவாக, கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. நாகூர் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். சின்ன வயதில் கந்தூரிக்குப் போய் மினாராவில் கொடி ஏறுவதைப் பார்த்தவள் நான். அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கும்போது, இருநூறு வருடத்துக்கு முன்னால் இங்கே இறங்கியவர்களும் முதலில் செய்தது ஊரைக் கொஞ்சம் கொண்டுவந்து வைத்துக்கொண்டதுதான் என்று தோன்றும்.

மருந்துப் பைப் பாட்டிக்கும் நாகைதான் சொந்த ஊர். சின்னப் பிள்ளையாக அப்பாவோடு ரஜூலா கப்பலில் வந்தவர். சென்னையிலிருந்தும் நாகையிலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல் அது. 1926இல் நீரில் இறங்கி 1973 வரை ஓடியது. கரையிலிருந்து படகில் போய்க் கப்பலேறியதும், மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்ததும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. நான் வெளிப்பாளையம் என்று சொன்ன நாளிலிருந்து என்னிடம் அவர் கேட்காத கேள்வி இல்லை. நீலாயதாட்சி கோயில் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா, கடுவையாற்றில் படகு போகிறதா, சுனாமியில் எது எது போனது. தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததை மறுநாள் காலை அம்மாவிடம் கேட்டு வந்து சொல்வேன். அம்மாவும் இப்போது பாட்டியை விசாரிக்காமல் போனை வைப்பதில்லை.

வர நினைப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்கு வரலாம், ஆனால் அது சுற்றிப் பார்க்க. அதை வைத்துக்கொண்டு தன்னார்வ வேலைக்கு வராதீர்கள். எனக்கு நிலையத்தாரே விண்ணப்பித்து முறையான அனுமதி வாங்கித் தந்தார்கள். அது கையில் வந்த பிறகுதான் பயணச்சீட்டு எடுத்தேன். உங்களை அழைப்பவர்கள் இதில் அலட்சியம் காட்டினால் அந்த இடம் வேண்டாம். அடுத்தது மருத்துவக் காப்பீடு. அந்த 1 ரிங்கிட் குடிமக்களுக்கு மட்டும். வெளிநாட்டவர் அரசு மருத்துவமனையில்கூடப் பல மடங்கு கட்ட வேண்டும். டெங்கு உள்ள ஊர், காய்ச்சல் வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

வரும் செவ்வாய்க்கிழமை துறைமுகத்து ஐயாவுக்குக் கண் பரிசோதனை. சர்க்கரைக்காரர்களுக்கு விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். கண்ணில் மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், அதனால் துணைக்கு ஆள் அவசியம். கண் மங்குகிறது, கூசுகிறது, பூச்சி பறக்கிற மாதிரி தெரிகிறது என்பதையெல்லாம் மலாயில் எப்படிச் சொல்வது என்று பாட்டியிடம் கேட்டு எழுதிவைத்திருக்கிறேன். தம்பி அதைத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறான், திங்கட்கிழமை அவனுக்கு டியூஷன் முடிந்ததும்.